பாதிக் கரண்டி ஃபிளாஷ் பொடி

இன்று காலை தூத்துக்குடியில் மழை இருட்டு. அந்த நேரம் பார்த்து என் ஸ்டூடியோவுக்குப் பிலோமினா தன் ஆறு மாதப் பெண்குழந்தையோடு வந்தாள். புருஷன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை. நாளைத் தோணியில் போகும் ஊர்க்காரரிடம் படம் கொடுத்தனுப்ப வேண்டும்.

யுத்தம் முடிந்தும் படம் பதியும் கண்ணாடி பிளேட்டுக்குத் தட்டுப்பாடு தீரவில்லை. என்னிடம் இருந்தவை இரண்டே.

வெளிச்சத்துக்காக வழக்கம்போலத் தட்டில் ஒரு கரண்டி ஃபிளாஷ் பொடி போட்டுக் கொளுத்தினேன். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறியது.

"கண் மூடினாலும் முகம் நல்லா விழுந்திருக்கும்மா," என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. கண்ண மூடுன பிள்ளையப் பாத்தா, செத்தபொறவு எடுத்த படம்னு அவுக நெனச்சிருவாக."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிப்பட்ட படங்களை நானே எடுத்திருக்கிறேன்.

அடுத்த பிளேட்டுக்குப் பாதிக் கரண்டிதான் போட்டேன். குறைந்த வெளிச்சத்துக்கு ஈடாக லென்ஸை ஒரு படி அகலத் திறந்துவைத்தேன். கொளுத்தினேன். குழந்தை அழவில்லை, புகையை வேடிக்கை பார்த்தது.

மாலையில் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். குழந்தையின் கண்கள் பளிச்சென்று விழித்திருந்தன. மடியில் வைத்திருந்த தாயின் கண்கள்தான் மூடியிருந்தன.

மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்று பிலோமினா சிரித்தாள். "என்னயத்தான் அவுக பாத்திருக்காகளே."

தாயும் பிள்ளையும் சேர்ந்து கண் திறந்திருக்க எத்தனை கரண்டி போட வேண்டும்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.