சாமி அலமாரியில் ஒரு தாடிக்காரர்

போன வெள்ளிக்கிழமை அபுதாபி நண்பர் ஒருவர் துபாயில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாமி கும்பிடப் போனவர் அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எந்த ஊர் சாமிங்க?"

முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் முகம். தாடி பிரமாதம். கண்...? ஒன்று சரி. இன்னொன்று கன்னத்துக்கு இறங்கிவிட்டது!

"அது என் குருநாதர்" என்றேன்.

"குருநாதருக்கு ஒரு குறையும் இல்லை. இவங்க வெட்டின லட்சணம் அப்படி!" — அடுப்படியிலிருந்து என் மனைவி.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். திருநெல்வேலியில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து எவர்சில்வரில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். அதே உளியை நம்பித்தான் துபாய்க்கு வந்தேன். தேரா கடைவீதியில் ஒரு கடையில் வேலை. கப், ஷீல்டு, பெயர்ப்பலகை. ஆறே மாதம்... பேர் வெட்ட மெஷின் வந்து இறங்கிவிட்டது.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் கடை நடக்க வேண்டுமே?

"இங்க பாரும். முகம் வெட்டுற யூசுப் பாய் வேலையை விட்டு கராச்சிக்கே போறாரு. ஒரு அரபி அவரு வாப்பா முகத்தை வெள்ளித்தகட்டுல கேட்கிறாரு. மூணு வாரத்துல படிச்சீருன்னா இரும். இல்லேன்னா விசா கேன்சல்தான்வே, வேற வழியில்ல."

ஊரில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எப்படித் திரும்பிப் போவேன்?

யூசுப் பாய் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தின் தாளை நீட்டினார். தாடிக்காரர் முகம். யாரோ செம்புத்தகட்டில் வெட்டி அச்சடித்த படமாம். "இதைப் பார்த்து அப்படியே வெட்டு, பாய்."

டிரேசிங் பேப்பரில் முகத்தை எடுத்து, பித்தளைத் தகட்டில் வெட்டினேன். கண்ணை மட்டும் விட்டுவிட்டேன். விக்கிரகத்துக்குக் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்? அந்த நினைப்பு. வெள்ளிக்கிழமை குளித்து, விபூதி பூசி, ராகுகாலம் கழித்துக் கண் திறந்தேன். வலது கண் உட்கார்ந்தது. இடது கண்ணுக்கு இடமே இல்லை... கன்னத்துக் கோடு அந்த இடத்தைத் தின்றுவிட்டிருந்தது; கண் கன்னத்தில்தான் இறங்கியது. பித்தளையில் அழிக்க ரப்பர் ஏது?

யூசுப் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரே, கண்ணை வெச்சாத்தானே மூக்கு எங்கேன்னு தெரியும்! இது என்ன, கல்யாணப் பொண்ணா, கடைசியில முகம் காட்ட?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் முடிந்திருந்தது.

லென்ஸை எடுத்துப் படத்தை மறுபடி பார்த்தேன். அட! கண்ணைச் சுற்றித் தனியாகக் கோடே இல்லை. கன்னத்துக் கோடுகள்தான் வளைந்து, நெருங்கி, இமையாகின்றன. எனக்காகவே வெட்டி வைத்த மாதிரி!

'முருகா, இது உன் முகம் இல்லை, மனுஷ முகம். கண்ணை முதலில் திறக்கிறேன், பொறுத்துக்கொள்.' வேண்டிக்கொண்டு புதுத் தகட்டை எடுத்தேன். மூன்றாவது தகட்டில் தாடிக்காரர் என்னைப் பார்த்தார்.

பிறகு வெள்ளித்தகட்டில் அரபியின் அப்பா முகம். அரபி வந்தார். நிறைய நேரம் பார்த்தார். தகட்டில் பட்டிருந்த என் விரல் ரேகையைத் தன் தலைத்துணி நுனியால் மெதுவாகத் துடைத்தார். அவ்வளவுதான்.

"பேரெல்லாம் மெஷினுக்கு. முகமெல்லாம் உமக்கு" என்றார் முதலாளி. அடுத்த வருஷம் குடும்பமும் வந்து சேர்ந்தது.

அந்தத் தாளில் தாடிக்காரர் பேரும் இல்லை, வெட்டியவர் பேரும் இல்லை. என்றைக்கோ எங்கேயோ குனிந்து உட்கார்ந்து வெட்டிய அந்தக் கைக்குத்தான், கோணல் தகட்டின் முன்னால் தினமும் விளக்கேற்றுகிறேன்.

ஊரில் ஆயிரம் குடத்தில் பேர் வெட்டினேன்... என் குருநாதர் பேர் மட்டும் எனக்குத் தெரியாது!