இடுப்பு வலிக்கு ஒரு ஜெபக் குறிப்பு

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளியவள் மருந்தக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கடைத்தெருவிலும் சர்ச் சபையிலும் அவள் மருந்தக்காதான். கூடவே வளர்ந்த தம்பி பிள்ளைகள்கூட அத்தை என்று கூப்பிட்டதில்லை. கல்யாணம் அமையவில்லை, அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் யாரும் பார்த்ததில்லை.

கடையில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு முதல் தடவை கொடுப்பாள். இரண்டாம் தடவை முறைத்துக்கொண்டே கொடுப்பாள். மூன்றாம் தடவை தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

"ஓசியிலயா கேக்கறேன்? காசு குடுத்துதானே கேக்கறேன்?" என்று ஒரு லாரி டிரைவர் எகிறினார்.

"அந்தக் காச எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. வலி சும்மா வராது. உள்ள என்னவோ கூப்பிடுது. நீங்க மாத்திரையப் போட்டு அதோட வாயப் பொத்தப் பாக்கறீங்க."

அவர் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனார். பிறகு பார்த்தால் சிறுநீரகத்தில் கல்லாம், எடுத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார். "வர்ற வியாபாரத்த விரட்டறதுக்கு உனக்கு நான் சம்பளம் தரணும்" என்று முதலாளி முணுமுணுப்பார், அதோடு விட்டுவிடுவார்.

சபையில் வருடத்துக்கு ஒருமுறை மிஷன் பயணம் உண்டு. பஸ் வந்து திரும்பும் இடத்துக்கும் மேலே ஒரு மலைக்குடியிருப்பு. அங்கே ஒரு சுவிசேஷ ஊழியரும் அவர் மனைவியும் சின்ன ஜெபவீடு ஒன்றும், பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பும் நடத்தி வந்தார்கள். சபை அவர்களைத் தாங்கியது. 'தாங்குகிறோம்' என்ற சொல்லைச் சபையார் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். வருடா வருடம் ஒரு குழு போய்ப் பாட்டு, நாடகம், சுவருக்கு வர்ணம் என்று அமர்க்களம் பண்ணிவிட்டு வரும். பெட்டி கட்டிக் கொடுப்பது மருந்தக்காவின் பொறுப்பு. கடையில் விடுப்பு கிடைக்காததால் அவள் மட்டும் போனதே இல்லை.

அந்த ஊழியர் வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்கமாட்டார்கள். மனிதரிடம் கேட்பது விசுவாசக் குறைவு என்று ஒரு வைராக்கியம். அதற்குப் பதில் ஜெபக் குறிப்பு சொல்வார்கள். "கூரை ஒழுகுது, ஜெபிச்சுக்கோங்க" என்றால் தகரம் தேவைப்படுகிறது. "பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க, ஜெபிச்சுக்கோங்க" என்றால் போர்வை. மருந்தக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் குறிப்பைச் சொல்லுவாள், கண்ணை மூடி உருகி ஜெபிப்பாள், ஆமென் சொன்ன கையோடு இரும்புக்கடை வைத்திருக்கும் சபை மூப்பரை வாசலில் மடக்கிவிடுவாள்.

"ஜெபம் பண்ணியாச்சுல்ல ஐயா? தகரம் எப்ப ஏத்தறீங்க?"

மூப்பருக்கு அவளைக் கண்டாலே செருப்பைத் தேடும் அவசரம் வந்துவிடும். ஆனாலும் தகரம் போய்ச் சேரும்.

இந்தக் குறிப்புகளெல்லாம் சனிக்கிழமை போனில் வரும். பேசுவது ஊழியரின் மனைவி. முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அந்த மலையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் காற்றும் சேர்ந்து பேசும். முதலில் 'சிஸ்டர்' என்று ஆரம்பித்தது, எப்போது 'அக்கா', 'தங்கச்சி' என்று ஆனதோ இருவருக்குமே தெரியாது. தம்பி வீட்டில் எல்லோரும் அவளிடம் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஆள் அந்தத் தங்கச்சி ஒருத்திதான்.

இந்த வருடம் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, "நீயும் போய்ட்டு வாயேன்" என்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் போனில் ஒரு கூச்சல்.

"நெசமாவாக்கா? சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு உன் வீட்டுக்காரர் பிரசங்கம் பண்ணலயா?"

"அவர் கிடக்கறார். அக்கா, நீங்க உயரமா, குண்டா, பெரிய கண்ணாடி போட்டுட்டு இருப்பீங்கன்னு நெனச்சு வெச்சிருக்கேன்."

"கண்ணாடி மட்டும் சரி. மத்ததுக்கு ஏமாந்து போவே."

இரண்டு பக்கமும் ஆயத்தம் தொடங்கியது. இங்கே குழுத் தலைவரான பேங்க்காரர் நாடக ஒத்திகை, பாட்டு ஒத்திகை என்று எல்லோர் உயிரையும் வாங்கினார். மருந்தக்கா கடை முடிந்ததும் ஓடி வந்து, தொலைந்த ஆட்டைத் தேடும் நாடகத்துக்கு ஓநாய்த் தலை தைத்தாள். அப்படி ஒரு சனிக்கிழமை, ஊசியும் நூலுமாக இருந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது.

"அக்கா, ஒரு சின்ன ஜெபக் குறிப்பு. எனக்குத்தான். இடுப்புல ஒரு வலி. முன்னாடி வயித்துக்கும் வருது. ஜெபிச்சுக்கோங்க."

"ரொம்ப தூக்கிச் சுமந்திருப்பே. பாத்து இரு. நான் சொல்றேன் சபையில."

புதன்கிழமை சொன்னாள். சபையே மன்றாடியது. மலைக்குக் காய்கறி ஏற்றப் போகும் வண்டியில் ஒரு தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தனுப்பினாள். உறையின்மேல் தன் கையாலேயே 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்' என்று எழுதி, 'கர்த்தர் உன்னோடு' என்றும் சேர்த்தாள். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி அனுப்பினாள். அதற்குப் பிறகும் ஒரு தடவை அனுப்பினாள்.

கடைக்கு வந்து கேட்டவர் யாராக இருந்தாலும் அந்த மூன்றாம் தடவை விரட்டியிருப்பாள். தங்கச்சியை விரட்டவில்லை. கூரைக்கு ஜெபித்துவிட்டுத் தகரக்காரரைத் துரத்தியவள், வலிக்கு ஜெபித்ததோடு கண்ணைத் திறந்து ஓநாய்க்குக் காது தைக்கப் போய்விட்டாள். ஊழியம் செய்கிறவர்களுக்கும் நம்மைப் போல் ஓர் உடம்பு உண்டு என்பது நமக்கு ஏனோ உறைப்பதே இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு அவள்மேல் வருகிற கோபத்தைவிட நம் எல்லோர்மேலும்தான் கோபம் வருகிறது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று பயணத்துக்கு முந்தின வாரம் கேட்டாள்.

"உங்க ஜெபத்தால எழுந்து வேலை பாக்கறேன்க்கா."

அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மருந்தக்காவும் தட்டினாள்.

வேன் மலையேறிப் போய் நின்றபோது வாசலில் ஊழியர் மட்டும்தான் நின்றார். வீடு புதிதாக வெள்ளையடித்திருந்தது. விருந்தாளிகளுக்கென்று புதுக் கழிப்பறை, கதவுக்குத் திரை, வரிசையாகத் தைத்துப் போட்ட மெத்தைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் கை தெரிந்தது. பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை ஆரம்பித்தார்கள். மருந்தக்கா பாட்டு முடியும்வரை நிற்காமல் சமையலறைக்குப் போனாள்.

குட்டை முக்காலியில் சுவரோடு சாய்ந்து ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது. ஆளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தாள்.

"அக்காதானே? அய்யோ, இவ்வளவு ஒல்லியாவா இருப்பீங்க!"

மருந்தக்கா அந்தக் கண்களைப் பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். கட்டிப்பிடிக்க வந்தவள் அப்படியே மண்டியிட்டு, தங்கச்சியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இது எப்பலேர்ந்து?"

"விடுங்கக்கா. வந்ததும் வராததுமா கடையத் தொறந்துட்டீங்க."

பின்னாலேயே வந்த ஊழியர்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "கண்ணு மஞ்சளானப்புறம் போன வாரம்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஸ்கேன் எடுக்கணும், படுக்கணும்னாங்க. இவ கேட்டாதானே? குழு வந்துட்டுப் போகட்டும், அவங்க வர்ற நேரத்துல நான் போய்ப் படுத்துக்கிட்டா யார் கவனிக்கறதுன்னுட்டா. போன சனிக்கிழமை தொட்டி மேல உக்காந்து உக்காந்துதான் ஏறினா. பேசிட்டு எறங்கி வந்து வாந்தி எடுத்தா."

மருந்தக்கா வாசலுக்குப் போய் வேன் சாவியைக் கேட்டாள். பேங்க்காரர் பிள்ளைகளையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மத்தியானம் நாடகம் இருக்கே அக்கா. நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

"நாடகத்த நீங்க நடத்துங்க. ஓநாய் வேஷம் உங்களுக்கு நல்லாவே பொருந்தும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் தங்கச்சி கணவர்மேல் சாய்ந்தபடி, "அடுப்புல சோறு இருக்கு, குழைஞ்சுடும், யாராவது எறக்கச் சொல்லுங்க" என்று அரற்றிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உட்காரவைத்தார்கள். டாக்டர் இளம் பெண். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று ஊழியரையும் மருந்தக்காவையும் தனியாக அழைத்துச் சொன்னாள். வலி ஆரம்பித்தபோதே வந்திருந்தால் என்ற வாக்கியத்தைத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு படுக்கைக்குப் போய், "இவ்வளவு நாள் வலியை எப்படித் தாங்குனீங்க? என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.

தங்கச்சி கைப்பையைத் துழாவி, கசங்கிய உறையொன்றை எடுத்து நீட்டினாள். பெருமை தாங்காத முகத்தோடு, "இவங்க குடுத்தனுப்பினது டாக்டர். மருந்து விஷயத்துல எங்க அக்காவ யாரும் அடிச்சுக்க முடியாது" என்றாள்.

டாக்டர் உறையிலிருந்த எழுத்தைப் படித்தாள். மருந்தக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உறையை மடித்துத் தங்கச்சியிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மருந்தக்கா வெளியே போய், கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்து அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். குழு மிச்சமிருந்த நாட்களைக் கடத்தியது. பாட்டு நின்றுபோயிற்று. பெண்கள் சமைத்தார்கள், ஆண்கள் தண்ணீர் சுமந்தார்கள். முதல்முறையாக அந்த வீட்டில் விருந்தாளிகள் பாத்திரம் கழுவினார்கள். கிளம்பும் நாளில் பேங்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சபைக்கு என்ன ஜெபக் குறிப்பு சொல்லட்டும்க்கா?" என்றார்.

"ஜெபிக்கச் சொல்லுங்க. அதோட, சாய்ஞ்சு படுக்க ஒரு கட்டிலும் ஊசி போட ஒரு நர்ஸும் இந்த வாரமே வேணும்னு மேடையில நின்னு சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன். எங்க முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க."

கட்டில் வந்தது. நர்ஸும் வந்தாள், ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறி வந்து ஊசி போட்டாள். வலி ஓரளவு அடங்கிய ஒரு மத்தியானம், தலை வாரிவிடும்போது மருந்தக்காவால் அடக்க முடியவில்லை.

"ஏண்டி, என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லக் கூடாதா?"

தங்கச்சிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "சொன்னேனேக்கா. ஜெபிச்சுக்கோங்கன்னு உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னேன். மாத்திரை வந்துச்சு. சரி, இதுக்கு இதுதான் போல, அக்காவுக்குத் தெரியாதான்னு நெனச்சுக்கிட்டேன்."

குற்றம் சொல்லும் குரலாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதில் அப்படி எதுவும் இல்லை. மருந்தக்கா சீப்பை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. உனக்கு என்ன வேணும்? ஜெபக் குறிப்பு வேண்டாம். நேரா கேளு. என்னவா இருந்தாலும் கொண்டுவரேன்."

தங்கச்சி கூச்சப்பட்டாள். கணவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கதவுப் பக்கம் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். கேட்டுப் பழகாத வாய், இரண்டு தடவை திறந்து மூடியது.

"எனக்குச் சாக இஷ்டமில்லக்கா" என்றாள்.