சென் ஐயாவின் விருந்தும் ஐந்து நாற்பது ரயிலும்

வாருங்கள், எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் எல்லோரும் சுகந்தானே? சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் நல்லது, ஏனென்றால் இது முழுக்கச் சாப்பாட்டுக் கதை. சீனக்காரரோடு வியாபாரம் பேசப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நான் வியாபாரி இல்லை. ஆனால் 1986 ஒக்டோபரில் ஜெர்மனியில் ஆஹெனிலிருந்து கார்ல்ஸ்ரூஹேக்கு அப்படி ஒரு பயணம் போய் வந்தவன்.

யோகன் எங்கள் ஊர்ப் பெடியன். எங்களில் முதலில் விசா கிடைத்தது அவனுக்குத்தான். ஆஹெனில் பலசரக்குக் கடை போட ஓர் இடம் எடுத்து, தட்டெல்லாம் அடித்து, மிளகாய்த்தூளும் அடுக்கிவிட்டான். அரிசிதான் இல்லை. இவ்வளவு சின்னக் கடைக்கு அரிசி தர எந்த மொத்த வியாபாரியும் சம்மதிக்கவில்லை. கார்ல்ஸ்ரூஹேயில் இருந்த சென் என்ற ஹொங்கொங்காரர் மட்டும், நேரில் வந்து பேசச் சொன்னார். அரிசி இல்லாமல் தமிழ்க் கடை திறப்பதும் ஒன்றுதான், திறக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

என்னை ஏன் கூட்டிப்போனான் என்றால், நரைத்த தலை ஒன்று கூட வந்தால் சீனர் மதிப்பார்கள் என்று கோபால் சொல்லியிருந்தார். கோபால் திருச்சிக்காரர், ஆஹெனில் என்ஜினியரிங் படித்தவர். சீனரின் பழக்கவழக்கம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுத்து எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"கார்டை ரெண்டு கையால வாங்குங்கண்ணா. உடனே பாக்கெட்ல போடாதீங்க, கொஞ்ச நேரம் படிங்க. பிசினஸ் பேச்சை நீங்களா எடுக்கவே கூடாது."

சாப்பாட்டுக்கு என்ன முறை என்று கேட்டேன்.

"அந்த சாப்டர் இன்னும் படிக்கலண்ணா. என்ன வெச்சாலும் சந்தோஷமா சாப்பிடுங்க, போதும்."

அந்தப் படிக்காத அத்தியாயத்தில்தான் நாங்கள் போய் விழுந்தோம்.

எனக்கு அப்போது விசா இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். ஒரு நாளுக்குத்தான் தந்தார்கள். அன்றிரவே திரும்பாவிட்டால் என் அகதி வழக்கில் அது ஒரு கரும்புள்ளியாக விழும். கார்ல்ஸ்ரூஹேயில் ஐந்து நாற்பது ரயிலை விட்டால் அன்று ஆஹென் போய்ச் சேர முடியாது.

காலை ஆறரைக்கு ஏறினோம். கொலோனில் ஒரு மாற்றம். முந்நூற்று முப்பது கிலோமீற்றர், நாலரை மணி நேரம், போய்வர ஆளுக்கு நூற்று முப்பது மார்க். பதினொரு மணிக்கு இறங்கி, ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் சென் ஐயாவின் களஞ்சியம். பக்கத்திலேயே அவருடைய உணவகம்.

அறுபது வயது மதிக்கலாம். ஜெர்மன் பாஷை எங்களைவிட நன்றாகப் பேசினார். இரண்டு கையாலும் கார்டைத் தந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கி, தலையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் படித்தேன். கடைசியில் அவரே எட்டி அதைத் திருப்பிவிட்டார். நான் படித்தது சீன எழுத்துப் பக்கம்.

தேநீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தார். அவர் முடிக்குமுன் "யா", ஆம் என்றேன். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் அகதி முகாமுக்கு வந்த முதல் கிழமை ஒரு ஜெர்மன்கார அம்மா கேக் கொண்டுவந்து நீட்டினார். மரியாதைக்கு வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு தரம் கேட்பார், மூன்றாம் தரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் கேக்கோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் உடனே யாதான். சீனர்களோ எங்களைப் போலவே மூன்று தரம் மறுக்கிற சாதி. சென் ஐயா புருவத்தை உயர்த்திவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு தொடங்கியது. சூப், பிறகு மீன். தன் கையாலேயே என் தட்டில் வைத்தார். முடித்தேன். மறுபடியும் வைத்தார், அதையும் முடித்தேன். மிச்சம் விட்டால் வைத்தவரை அவமதிப்பது என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான். தட்டு வெறுமையாகக் கிடந்தால் விருந்தாளிக்கு இன்னும் பசி, அது தனக்கு வெட்கம் என்று வளர்ந்தவர் அவர். நன்றாக வளர்க்கப்பட்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு வாத்து. மூன்றுக்கு இறால். நாலு மணிக்கு யோகன் மேசைக்குக் கீழே இடுப்புப் பட்டியைத் தளர்த்தினான். அரிசி என்ற சொல்லை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

"அண்ணை, அரிசிக் கதையைத் தொடங்குவமோ?"

"பொறு. நாங்களா எடுக்கக் கூடாதெண்டு கோபால் சொன்னவரெல்லே."

"றெயின் அஞ்சு நாப்பதுக்கு."

"எனக்குத் தெரியாதே? கடிதம் என்ரை பொக்கற்றுக்கைதான் கிடக்கு. நீ தின்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, ஆவி பறக்கக் கொழுக்கட்டைகள் வந்தன. எங்கள் மோதகம் போலத்தான், உள்ளே இறைச்சி. சென் ஐயா இரண்டு குச்சியால் ஒன்றைத் தூக்கினார். அந்த நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதையே மறந்துபோனேன். கல்யாணப் பந்தியில் பாயாச வாளியோடு வருகிறவனைக் கண்டால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். இரண்டு கையையும் விரித்துத் தட்டை மூடி, அதன்மேல் குப்புறக் கவிழ்ந்தேன்.

"ஐயா, ஏலாது. சத்தியமா ஏலாது."

தமிழில்தான் சொன்னேன். சென் ஐயா கொழுக்கட்டையை அந்தரத்தில் பிடித்தபடி பார்த்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார். சமையல்காரர் அடுத்ததாக எதை அவிப்பது என்று கேட்டு மூன்று தரம் ஆள் அனுப்பினாராம். எங்களைத் தனியே சாப்பிட விடக்கூடாதென்று தானும் கூடச் சாப்பிட்டாராம், வயிற்றுப் புண்ணுக்கு மருந்து எடுக்கிற மனிதர். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மூட்டை என்று அவரே கேட்டார். யோகன் இருபது என்றான்.

"பார்ப்போம்," என்றார்.

மிச்சச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்டித் தந்தார். இந்தமுறை மூன்று தரம் ஒழுங்காக மறுத்துத்தான் வாங்கினேன். அந்த வயிற்றோடு ஓட முடியாது, டாக்ஸி பிடித்து ஐந்து முப்பத்தெட்டுக்கு ரயிலில் ஏறினோம். மன்ஹைம் வந்ததும் யோகன் சொன்னான்.

"பாப்பம் எண்டால் எங்கடை ஆக்களுக்கு இல்லையெண்டுதானே அண்ணை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பதினொரு மணிக்கு முன்பே முகாமுக்குள் போய்விட்டேன். கடிதம் தப்பியது, கடைதான் போய்விட்டது என்று நினைத்துப் படுத்தேன்.

எட்டாம் நாள் லொறி வந்தது. இருபது கேட்டவனுக்கு முப்பது மூட்டை. அனுப்பியவர் சென் ஐயா. எனக்கு உடனே விளங்கிவிட்டது, இதுவும் அந்தத் தட்டுக் கணக்குத்தான், வெறுமையாகக் கண்டால் இன்னும் வைப்பார். அவர் லொறி வருகிற நாளில் கடை துடைத்தாற்போல் இருக்கக் கூடாது என்று யோகனுக்குச் சொன்னேன். நாலு மூட்டையாவது சாரதியின் கண்ணில் படவேண்டும். அடுத்த தரம் அவன் என் சொல்லைக் கேட்கவில்லை, நாற்பது வந்தது. கழிப்பறைக்குள்ளும் அடுக்கினோம்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தளர்வான காற்சட்டை போடுங்கள். திரும்புகிற ரயிலை அன்றைக்கே வைக்காதீர்கள். கார்டில் எந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த எழுத்து என்று முதலில் பாருங்கள். தட்டில் ஒரு கரண்டியாவது மிச்சம் விடுங்கள், வெட்கப்பட வேண்டாம். அரிசி விஷயத்திலும் அப்படித்தான், யோகனுக்கு நான் இத்தனை வருடமாகச் சொல்வது என்னவென்றால், லொறி வருகிற நாளில்... இதோ, யோகனே கூப்பிடுகிறான்.

"அண்ணை, லொறி வந்திட்டுது. கடையிலை ஒரு மூட்டையும் மிச்சமில்லை. கெதியா வாங்கோ."