தங்கையின் அளவுச் சட்டை

எங்கள் வீட்டு அலுமாரியில் என்னுடைய கலியாணப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிற எல்லாருக்கும் ஒரே கதைதான். "பொம்பிளைக்கு என்ன வெட்கம்! கையை விலாவோட ஒட்டிக்கொண்டெல்லோ நிக்கிறா." வெட்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆனால் காரணத்தை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் முழுவதையும் சொல்லவேண்டும், அதற்கு எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

பதினாலு வயதிலேயே எனக்கு உடம்பு வைத்துவிட்டது. மார்பும் இடுப்பும் என்னைக் கேட்டா வளர்ந்தன? துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் பெடியன்கள் என்னைக் கண்டால், "தாங்கி வருகுது, வழி விடுங்கோடா" என்பார்கள். வீட்டுக்கு வருகிற பெண்கள், "நல்ல லட்சுமிகரமான பிள்ளை" என்று கன்னத்தைத் தடவுவார்கள். படலையைத் தாண்டியதும், "ஆர் இதைக் கட்டப்போறான்?" என்பார்கள். என் தங்கை ஈர்க்குப் போல இருப்பாள். அவளிடம், "சாப்பிடு பிள்ளை, காத்தடிச்சால் பறந்திடுவாய்" என்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமோ? ஊரை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா என் முந்தானையை இழுத்து இழுத்து மூடுவார். அதுதான் எனக்குச் சுட்டது.

அறுபதுகளின் நடுவில் மூதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். அம்மா என் படத்தைக் கழுத்துவரை மட்டும் எடுப்பித்து அனுப்பினார். சாதகம் பொருந்தியது, நாளும் வைத்தார்கள். கூறைச்சேலையும் அதற்கான சட்டையும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவதுதான் எங்கள் வழக்கம். அந்தச் சட்டையை அவர்கள் தைப்பிக்க, பொம்பிளையின் பழைய சட்டை ஒன்றை அளவுக்கு அனுப்பவேண்டும். அம்மா ஒன்றைக் கடதாசியில் சுற்றி கடல் கடந்து மூதூருக்குப் போகும் லாஞ்சில் கொடுத்துவிட்டார். எதை அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாளே என் சோற்றில் கை வைத்தார். காலையில் கொள்ளு அவித்த தண்ணீர். மத்தியானம் அரைக்கோப்பைச் சோறு. இரவில் வெள்ளரிக்காய். "கலியாணப் பொம்பிளை கொஞ்சம் வாடினால்தான் வடிவு" என்றார். குசினிக்குள் கலியாணப் பலகாரம் சுடுகிற வாசம் வரும், நான் கிணற்றடியில் போய் இருந்துகொள்வேன். ஒருநாள் அங்கேயே தலைசுற்றி விழுந்தேன். இரண்டு மாதம் இப்படி. முகம் கறுத்ததுதான் மிச்சம், இடுப்பு இருந்தபடியே இருந்தது.

கலியாணத்தன்று காலை லாஞ்சில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஐயர் கூறையைத் தந்ததும், அதை உடுக்க நான் அறைக்குள் போனேன். உடுத்திவிட மாப்பிள்ளையின் அக்காவும் என் தங்கையும் கூட வந்தார்கள். சட்டைக்குள் கையை விட்டேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

தங்கை அதை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, இது என்ர அளவெல்லோ" என்றாள்.

நான் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். "ரெண்டு மாசத்தில மெலிஞ்சிடுவாய் எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார், சத்தமே வராமல்.

அப்போதுதான் அந்தப் பட்டினி எதற்கென்று விளங்கியது. என் அளவைத் தெரியாத மனிதருக்குக் காட்ட அம்மாவுக்கு வெட்கம். பெற்ற தாய்க்கு! கூறையைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் வெளியில் ஐயர், "நேரம் போகுது, பிள்ளையைக் கூட்டி வாங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அதே லாஞ்சில் திரும்பினால் நாங்கள் எந்த முகத்தோடு ஊரில் இருப்பது?

மாப்பிள்ளையின் அக்கா போய்த் தன் தாயைக் கூட்டிவந்தார். மாமி கதவை நிறைத்துக்கொண்டு வருகிற ஆள். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"சல்லி அம்மன் கோயிலில பாற்குடத்தோட வரேக்க கண்டுதானே இந்தப் பிள்ளையைக் கேட்டு வந்தனாங்கள். மெலிஞ்சது வேணுமெண்டு ஆர் அழுதது? நல்ல இடுப்பு. நாலு பெறுவாள்!" என்று என் இடுப்பில் உள்ளங்கையால் தட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. என்னை ஒளித்தவரும் அலுப்புத் தந்தார், மெச்சியவரும் அலுப்புத் தந்தார். ஒரு வாய் சோறு தந்தால் போதும் என்றிருந்தது.

மாமி சவர பிளேட்டால் விளிம்புத் தையலைப் பிரித்தார். மூதூர்த் தையற்காரர் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்திருந்தார், அதுவும் போதவில்லை. கடைசியில் இரண்டு கக்கத்திலிருந்தும் கீழ்வரை வெட்டி, ஊசிப் பின் குத்தினார்கள். இடப்பக்கத்தை முந்தானை மறைத்தது. வலப்பக்கத்தை என் கைதான் மறைக்கவேண்டும். மாப்பிள்ளை என் வலது கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றியபோது ஒரு பின் திறந்து விலாவில் ஏறியது. கையை உயர்த்தாமலே சுற்றினேன். பிறகு படம் எடுத்தார்கள்.

மாமி சொன்ன நாலும் பிறக்கவில்லை, இரண்டுதான். அதற்கும் இந்த இடுப்பைத்தான் பழி சொன்னார்கள்.

பதினைந்து வருசம் கழித்து அம்மா மூதூருக்கு வந்து என்னோடு தங்கினார். ஒரு கண்ணில் புரை. ஒருநாள் அந்தப் படத்தை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்ன வடிவாய் இருந்திருக்கிறாய், பிள்ளை" என்றார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! "இந்த ஒரு சொல்லை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"எண்டைக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. அந்தச் சட்டை, அந்தக் கொள்ளுத் தண்ணீர், எல்லாவற்றையும் அம்மா மறந்துவிட்டார். அவர் படத்தை இன்னும் கிட்டப் பிடித்தார்.

"கையை மட்டும் ஏன் இப்பிடி ஒட்டி வைச்சிருக்கிறாய்? வெட்கமோ?"

"ஓம் அம்மா," என்றேன். "வெட்கம்தான்."