நனைத்துப் பார்த்து எடுத்த நீச்சலுடை

லுவோடோங் பேருந்து நிலையத்தில் லான் பெய்-வென்னைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அலமாரி அகலத்துக்குத் தோள், உதட்டில் எப்போதும் ஆரஞ்சு நிறச் சாயம். துறைமுகத்துக்குப் போகும் பேருந்தை ஓட்டுகிறாள். பயண அட்டையைத் தேடிக்கொண்டு படியிலேயே நிற்பவர்களை அவள் திட்டுவது கடைசி இருக்கை வரை கேட்கும். பிறந்தபோது மகன் என்றுதான் பதிந்தார்கள். முப்பத்தைந்து வயதில் அவளே அதைத் திருத்திக்கொண்டாள். அப்பா ரொம்ப நாள் பேசவில்லை. அப்புறம் அவர் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு படுத்தார். தூக்கி உட்கார வைக்க இவளைத் தவிர யார் இருக்கிறார்கள், பேசித்தானே ஆகவேண்டும்.

இப்படி முட்டி மோதியே வாழ்ந்தவளுக்கு ஒன்று மட்டும் கைகூடவில்லை, தண்ணீர். பள்ளியில் நீச்சல் அணியில் இருந்தவள். வெறும் மார்போடு கரையில் வரிசையாக நிற்கவேண்டுமே, அந்த வரிசை அவளுக்கு நரகமாக இருந்தது. பத்தொன்பது வயதில் விட்டவள், இருபத்தைந்து வருடமாகக் குளத்துப் பக்கமே போகவில்லை.

ஓட்டுநர் இருக்கை முதுகைக் காவு வாங்கியபோது மருத்துவர் சொன்னார்: "மாத்திரைய நிறுத்துங்கம்மா. நீந்துங்க."

"முடியாது டாக்டர்."

"தண்ணின்னா பயமா?"

"தண்ணி மேல எனக்கு என்ன பயம்?" என்றாள் பெய்-வென். சொல்லிவிட்டு வெளியே வந்து, மழையில் குடையை விரிக்க மறந்து நடந்தாள். முதுகு ஒரு சாக்கு என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு நீந்தவேண்டும். சாவதற்குள் ஒருமுறையாவது, இந்த உடம்போடு, இந்தப் பெயரோடு நீந்தவேண்டும்.

பொது நீச்சல்குளத்தில் சட்டையும் தொளதொள அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கிவிட முடியாது. தலைக்குத் தொப்பி, உடம்புக்கு உடம்போடு ஒட்டிய நீச்சல் துணி, இரண்டும் இல்லையென்றால் காவலர் விசில் ஊதிவிடுவார். எதை மறைக்க நினைக்கிறோமோ அதையே ஒட்டிக் காட்டும் துணி. யாரோ வேண்டுமென்றே யோசித்து வைத்த விதி மாதிரி இருக்கும்.

நிலையத்துக்குப் பின்னால் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஆ-யாங்கிடம் போனாள். ஆ-யாங் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கேட்பவர்களிடம் "நான் ஆ-யாங்" என்று மட்டும் சொல்வார். அவர் கடையின் பரண்மேல் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. இந்த வட்டாரத்தில் அவர்களைப் போன்றவர்கள் வாங்கி, அளவு சரியில்லாமல் போன நீச்சலுடைகளெல்லாம் அதில்தான் சேரும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் உலர்ந்த உடம்பில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் பக்கத்து ஊரான ஜியாவ்ஷியில் வெந்நீர் ஊற்று அறை ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியில் இறங்கி நனைத்துப் பார்ப்பார்கள்.

பெய்-வென்னும் ஆ-யாங்கும் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியோடு அங்கே போனார்கள். ஆ-யாங் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கினார். மார்பைத் தட்டையாக்கும் மேலாடை, முழங்கால் வரை கால்சட்டை.

"வெளிய போடற மார்புக்கட்டோட தண்ணில இறங்கிடக்கூடாதுக்கா. நான் ஒருதடவை இறங்கி, மூச்சு வராம கரையப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். தண்ணிக்குன்னு தளர்வா தைக்கிறது வேற."

"எனக்கு மார்புல பிரச்சினை இல்ல, ஆ-யாங். கீழதான்."

"தெரியுது. முதல்ல அந்தக் கருநீலத்தப் போடு."

கருநீலம் ஒரே துண்டு உடை, வேலைப்பாடு எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே, கால்கள் சேரும் இடத்தில், இரண்டு மடிப்பாக அழுத்தமான துணி வைத்துத் தைத்திருந்தது. கடையில் விற்கும் பெண்கள் உடைபோல் அங்கே ரிப்பன் மாதிரி குறுகாமல் அகலமாக இருந்தது. உடல் பகுதியும் நீளம், அதனால் உயரமானவள் நிமிர்ந்து நின்றாலும் மேலே ஏறி வெட்டவில்லை. தோள்பட்டி அகலமானது. முதுகில் பட்டிகள் குறுக்கே ஓடினால் தோள் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று ஆ-யாங் சொல்லியிருந்தார். இதில் பட்டிகள் நேராக இறங்கின. பெய்-வென் தொட்டியில் மூழ்கி எழுந்து, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சரியே அவளைப் பயமுறுத்தியது.

"ரொம்ப மொட்டையா இருக்கு. மேல மறைக்க ஒண்ணும் இல்லையே."

"மறைக்கவே வேணாம்கா, அதான் உள்ள புடிச்சு வெச்சிருக்கே."

"இந்தப் பாவாடை வெச்சது?"

அது செம்பருத்திப் பூப் போட்டது. இடுப்பைச் சுற்றி ஒரு சாண் பாவாடை, உள்ளே சாதாரண மெல்லிய துணி. தொட்டியில் உட்கார்ந்தாள். அசையாத தண்ணீரில் பாவாடை சமர்த்தாகத் தொடையில் படிந்தது. பெய்-வென் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ள ஒண்ணுமே இல்லக்கா அதுல," என்றார் ஆ-யாங்.

"பாவாடை இருக்குல்ல? நீ டீ போடற வேலையப் பாரு."

மறுநாள் காலை செம்பருத்தியோடு குளத்துக்குப் போனாள். தொப்பி போட்டு, குளித்து, இறங்கினாள். கயிறு கட்டிப் பிரித்த நீந்தும் பாதைகளில் கூட்டமாக இருந்ததால், ஓரத்தில் தண்ணீருக்குள்ளேயே கட்டியிருந்த, முதுகுக்குத் தண்ணீர் பாயும் மேடையில் போய் உட்கார்ந்தாள். அது அந்தப் பகுதிப் பெண்களின் ராஜ்ஜியம். நடுநாயகமாக சுவாங் அக்கா, சந்தையில் முட்டைக்கோஸ் விற்பவர்.

"பஸ்காரி! நீயா? பூப்பூவா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி!"

பெய்-வென் சிரிப்பதற்குள் மேடையின் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. அங்கே தண்ணீர் கீழிருந்தும் பாயும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு சாண் பாவாடை குடையாக விரிந்து மார்புக்கு வந்துவிட்டது. கையால் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. நனைந்து ஒட்டிய மெல்லிய துணி, அவள் மறைக்க நினைத்ததை அப்படியே காட்டிக்கொடுத்தது. இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். சுவாங் அக்கா எங்கோ பார்த்தார். பெய்-வென் பாவாடையை அமுக்கிப் பிடித்தபடி கரையேறினாள்.

உடை மாற்றிக்கொண்டு வந்தபோது, சீட்டுக் கொடுக்கும் லியாவ் அவளைக் கூப்பிட்டான். கெட்டவன் இல்லை. கூட்டத்துக்குப் பயந்தவன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சிலபேர் ஒரு மாதிரி சொல்றாங்க. மத்தியானம் வந்தீங்கன்னா ஆளே இருக்காது, நிம்மதியா நீந்தலாம்."

"தொப்பி போட்டேனா?"

"போட்டீங்க."

"குளிச்சிட்டு எறங்கினேனா? போட்டது நீச்சல் துணிதானே?"

"அதெல்லாம் சரிதான்..."

"அப்ப நாளைக்குக் காலைல வரேன்," என்றாள்.

சொல்வது சுலபம். பேருந்தின் கடைசி நடை முடிவதற்குள் நூறுதரம் மனம் மாறிவிட்டது. நாளைக்குப் போகாவிட்டால் மறுநாளும் போகமாட்டாள். அப்புறம் என்றைக்குமே போகமாட்டாள். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் போயிற்று. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டியைப் பணிமனையில் விட்டதும் நேராகத் தேநீர்க் கடைக்குப் போய்ப் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஆ-யாங் "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கோவில் கட்டலாம்.

காலையில் கருநீலத்தைப் போட்டுக்கொண்டாள். துண்டைத் தோளில் தொங்கவிட்டாள், இடுப்பில் கட்டவில்லை. லியாவ் சீட்டைக் கிழித்துவிட்டு மேசையைத் துடைப்பதில் மும்முரமானான். குளக்கரையில் அவள் நடந்த தூரம் முழுக்கப் பார்வைகள் கூடவே வந்தன. வரட்டும் என்று நடந்தாள். அவள் இறங்கியதும் அந்தப் பாதையில் இருந்த இருவர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து பக்கத்துப் பாதைக்கு மாறினார்கள். பாதை அவளுக்கே அவளுக்கு என்று ஆனது. அது மரியாதை இல்லை என்று புரிந்தது, வலித்தது. வலியோடு சுவரை உதைத்துக் கிளம்பினாள்.

கை மறக்கவில்லை. மூச்சுதான் திணறியது. நாலு தடவை போய் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இளைத்தபோது, எதிரே கரையில் இடுப்பில் கைவைத்து ஓர் உருவம் நின்றது. சுவாங் அக்கா. பெய்-வென் தயாரானாள், அவள் வாயிலும் பதில் இருந்தது.

"என்னடி இது, உங்கப்பன் வெட்டின குளமா? அங்க எட்டுப் பேரு இடிச்சுக்கிட்டுக் கெடக்கோம், நீ ஒருத்தி நடுவுல மகாராணி மாதிரி போய்ட்டு வர! வலது பக்கமா ஒதுங்கு!"

பெய்-வென் தயாராக வைத்திருந்த பதில் இதற்கு உதவாது. வலது பக்கமாக ஒதுங்கினாள். சுவாங் அக்கா தொபுக்கென்று இறங்கி, தவளை மாதிரி காலை உதறிக்கொண்டு முன்னால் போனார். அவருடைய வேகத்துக்குப் பின்னால் நீந்துவது பெரிய தண்டனை. இடித்துவிடாமல் இருப்பதற்கே கவனம் முழுக்கச் செலவாயிற்று. "கால மடக்கி உதைங்கக்கா!" என்று ஒருமுறை கத்தக்கூடச் செய்தாள்.

எதிர்ச் சுவரைத் தொட்டு, திரும்பி, மறுபடி தொட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமாகத் தான் என்ன போட்டிருக்கிறோம் என்பதை அவள் ஒருதடவைகூட நினைக்கவில்லை.