விடைக்குறிப்பில் இல்லாத வரி

அரசியல் அறிவியல் டீச்சரோட கூடப்பொறந்தவன் அரசியல் அறிவியல்லயே ஃபெயிலானா அந்த டீச்சர் மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கிறது? சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பிளஸ் டூவுக்கு நான் அந்தப் பாடம்தான் எடுக்குறேன். என் தம்பி அவனியாபுரத்துல ரேசன் கடை பேக்கர். அரிசியும் சர்க்கரையும் நிறுத்துக் குடுக்குற வேலை. பில் போடுற சேல்ஸ்மேனா ஆகணும்னா பிளஸ் டூ பாஸாகியிருக்கணும். அதுக்காக நாப்பது வயசுல தனித்தேர்வரா எழுதுனான். மத்த பாடத்துல எல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிட்டான். இந்த ஒண்ணுதான் காலை வாரிவிட்ருச்சு.

அவன் இதுல கோட்டை விடுவான்னு யாருமே நினைக்கல. டீக்கடையில வாயைத் திறந்தான்னா டெல்லியில ஆரம்பிச்சு எங்க வார்டு வரைக்கும் எல்லாரையும் துவைச்சுக் காயப்போட்டுருவான். "தினமும் பேசுறதுதானக்கா, இதுக்குப் போய்ப் படிக்கணுமா?"ன்னு புத்தகத்தைத் தொடாமலே பரீட்சை ஹாலுக்குப் போனவன் அவன். எங்க ஊர்க்காரனைத் தவிர வேற யாருக்கு அம்புட்டு தைரியம் வரும்?

ரிசல்ட் வந்ததும் குதிகுதின்னு குதிச்சான். "எவனோ எதிர்க்கட்சிக்காரன் திருத்திருக்கான். வேணும்னே போட்டுட்டான்"னான். சரி, பார்த்துருவோம்னு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிச்சு, பிரிண்ட் எடுத்து, என் வீட்டு ஹால்ல ரெண்டு பேரும் உக்காந்தோம். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுத்துச்சு. மாநிலங்களவையோட அதிகாரங்கள் என்னன்னு ஒரு கேள்வி. யார் யாரெல்லாம் எப்படி எப்படி அங்க எம்பி ஆனாங்கன்னு ரெண்டு பக்கத்துக்குப் பொளந்து கட்டிருக்கான். அதிகாரம்னு ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மார்க் பகுதியில கேட்டதுக்கு மேலயே எழுதித் தள்ளிட்டு, கட்டாயம் எழுதணும்னு போட்டிருந்த கேள்வியை மட்டும் அம்போன்னு விட்டிருக்கான்.

"நான் எழுதுனதுல எது பொய்? சொல்லு பாப்போம்."

"பொய் இல்லடா. கேட்டது அது இல்ல."

அன்னைக்கு ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மல்லுக்கட்டுதான். ஒரு மார்க் கேள்வின்னா சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதிட்டு நகர்ந்துரு, ரெண்டு மார்க்லயும் மூணு மார்க்லயும் முதல்ல கட்டாய வினாவை முடி, அஞ்சு மார்க்ல அதுவா இதுவான்னு ரெண்டுல ஒண்ணு கேப்பாங்க, ரெண்டையும் எழுதி வச்சுறாதன்னு மண்டையில ஏத்துனேன். திருத்துறவங்க கையில விடைக்குறிப்பு இருக்கும், அதுல பாயிண்ட் பாயிண்டா மார்க் பிரிச்சிருக்கும்னேன். அவன் கேக்குற மாதிரி இல்ல. கடைசியில, "ஏன்டா, கார்டுக்கு அரிசி குடுன்னு சொன்னா நீ பருப்பைப் போட்டுட்டு, நல்ல பருப்புதானன்னு சண்டைக்கு நிப்பியா?"ன்னு கேட்டேன். அப்பத்தான் புத்தகத்தை இழுத்து மடியில வச்சான்.

"அப்ப நான் என்ன நினைக்கிறேன்னு யாருக்கும் வேணாமாக்கா?"

"வேணாம். சொந்தச் சரக்கு எதையாச்சும் எழுதுன, கையை ஒடிச்சுருவேன்."

அவன் முகம் சுண்டிப்போச்சு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவம் பார்த்தா பேக்கராவே ரிட்டையர் ஆவான்.

துணைத்தேர்வு எழுதிட்டு வந்தவன்கிட்ட எப்படின்னு கேட்டேன். "கேட்டதைக் குடுத்துட்டேன்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

அடுத்தது திருத்துற வேலை வந்துச்சு. எங்க மாவட்டத்துப் பேப்பர் எங்களுக்கு வராது. யாரு எழுதுனது, எந்த ஊருன்னும் தெரியாது. காத்தாடி பேருக்குச் சுத்துற ஒரு வகுப்பறையில கட்டுக்கட்டா வந்து விழும், நாங்க பாட்டுக்கு டிக் அடிச்சுக்கிட்டே போவோம். அதுல ஒரு பேப்பர். கிராம சபை பத்திக் கேட்ட கேள்விக்குக் குறிப்புல உள்ள பாயிண்ட் கொஞ்சம் எழுதிட்டு, கீழே, 'மைக் பெண்கள் நிற்கும் இடம் வரை வந்தால் பாதித் தீர்மானம் மாறிவிடும்'னு ஒரு வரி இருந்துச்சு. என் பேனா நின்னுருச்சு. விடைக்குறிப்புல அது கிடையாது. ஆனா பொருத்தமான வேறு கருத்துக்கும் மதிப்பெண் தரலாம்னு ஒரு வரி கிடக்கும். அவசரத்துல நாங்க யாரும் அதைக் கண்டுக்கிறது இல்ல. நான் டிக் போட்டு மார்க்கும் போட்டேன்.

மறுபடி சரிபார்க்குற முதன்மைத் தேர்வாளர் சார் வந்து, "என்ன டீச்சர், கை ரொம்பத் தாராளமா இருக்கு?"ன்னார்.

"பொருத்தமா இல்லையான்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார்."

கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சார். "உங்ககிட்ட வாதாட நம்மால ஆகாதும்மா"ன்னு மார்க்கை அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். எனக்கு உடனே தம்பி ஞாபகம்தான். எந்த ஊர்ல எவங்க கையில அவன் பேப்பர் கிடக்குதோ, அவங்களும் அலுப்பில்லாமத் திருத்த அரைமணி நேரத்துக்கு ஒரு டீ கிடைக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேன்.

பாஸாயிட்டான். ஓஹோன்னு எல்லாம் மார்க் இல்ல, ஆனா பாஸ். ஸ்வீட்டோட வந்தவன் கையில மறுபடியும் விடைத்தாள் நகல்.

"பாஸானவனுக்கு எதுக்குடா இது?"

"பாருக்கா."

பார்த்தேன். தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து, கட்டாய வினாவை முதல்ல எழுதி, எல்லாம் நான் சொன்னபடியே இருந்துச்சு. பெருமையா இருந்துச்சு எனக்கு. கடைசிக் கேள்வி நல்லாட்சியின் பண்புகள். குறிப்புல வர்ற பாயிண்ட் எல்லாம் வரிசையா வந்துருச்சு. அதுக்குக் கீழே, 'மழையில் வரிசையில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதும் நல்லாட்சிதான்'.

"எழுதாதன்னு சொன்னேன்ல?"

"கையை ஒடிப்பேன்னுகூடச் சொன்ன."

அந்த வரிக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு டிக் இருந்துச்சு. அதுக்கு மார்க் உண்டா இல்லையான்னு அவன் பார்க்கவே இல்ல. டிக் மேல விரலை வச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னான், "யாரோ கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்கக்கா."