கேட்டுப் பார்த்து எடுத்த பிக்கப்

அவன்மீது எனக்கு இருந்த பொறாமை இன்றைக்கும் முழுதாக அடங்கவில்லை. அடக்க வேண்டுமென்று நான் பெரிதாக முயன்றதுமில்லை.

யுத்த காலத்தில், கண்டியில் ஒரு கலியாண பாண்டில் நானும் அவனும் கிற்றார் வாசித்தோம். நான் லீட், அவன் ரிதம். மெட்டை நான் எடுப்பேன், அவன் பின்னால் நின்று தாங்கிக்கொடுப்பான். அவன் கம்பளைக்காரன், வாப்பாவுக்கு அங்கே புடவைக்கடை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த அப்பாவின் இடமாற்றத்தோடு கண்டிக்கு வந்தவன். இருவரிடமும் ஒரே மாதிரி மலிவான எலெக்ட்ரிக் கிற்றார்தான். ஆனால் விரல் என்னுடையது நல்லது. பாண்ட் முழுவதும் அதை ஒத்துக்கொள்ளும், அவனும் ஒத்துக்கொள்வான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி இருந்தது.

இரண்டு கிற்றாரிலும் பிக்கப் சரியில்லை. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் காந்தமும், அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும்தான் இருக்கும். கம்பியின் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிபயருக்கு அனுப்புவது அதுதான். எங்களுடையவை பாட்டைவிட இரைச்சலைத்தான் நன்றாகப் பிடித்தன. கொழும்பில் ஒரு கடைக்கு நல்ல பிக்கப் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டதும் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

அவன் போகலாம். நான் போக முடியாது. அதற்கு முந்திய தடவை கொழும்புக்குப் போனபோது, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு ரயில் ஸ்டேஷன் வாசலிலேயே பொலிஸார் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவின் மேலதிகாரி தொலைபேசியில் பேசிய பிறகு, பொழுதுபடும் நேரத்தில்தான் விட்டார்கள். இம்முறை நான் பேச்செடுக்கும் முன்பே அம்மா கேட்டுவிட்டாள்.

"கம்பிச் சுருளும் காந்தமும் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வரப்போறியோ? அது குண்டுச் சாமானில்லை, பாட்டுச் சாமான் எண்டு அவங்களுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துவாய்?"

எனக்கும் சேர்த்து வாங்கி வரும்படி அவனிடம் சொன்னேன்.

எதை வாங்குவதென்று வீட்டிலிருந்தே முடிவுகட்ட வேண்டியிருந்தது. காது இருந்தும் கேட்டுப் பார்க்க வழியில்லை. அங்கே இங்கே படித்ததைக் கொண்டு கணக்குப் போட்டேன். ஒற்றைச் சுருள் பிக்கப் இரையும், இரட்டைச் சுருள் இரையாது. சுருளின் மின்தடையை மீற்றர் வைத்துப் பார்க்கையில் எண் கூடினால் சத்தமும் கூடும். ஆகவே இரட்டைச் சுருள், அதிலும் மீற்றர் ஆகக் கூடக் காட்டுவது. இருட்டினால் வெளியே திரிய அம்மா விடமாட்டாள். அறைக்குள்ளேயே இருந்து வாசித்துப் பழகிய எனக்கு அந்த இரைச்சல்தான் முதல் எதிரி.

அவன் காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிட்டான். மறுநாள் வாப்பாவின் கடைப் பையில் போட்டு இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்தான். வழியில் மறிக்கவில்லையா என்று கேட்டேன்.

"மறிச்சாங்க. பைய தொறந்து பாத்துட்டு, கிட்டார் வாசிக்கிறியான்னு கேட்டான். ஓன்னு சொன்னேன். போகச் சொல்லிட்டான்."

அவனுக்குக் கஷ்டமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஊரில் ஏதாவது கலவரக் கதை கிளம்பினால் முதலில் கதவடைக்கும் கடைகளில் அவன் வாப்பாவின் கடையும் ஒன்று. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த நியாயமெல்லாம் தேவைப்படவில்லை. வயிறு எரிந்தது.

எனக்கு நான் சொன்னதையே, சொன்னபடியே வாங்கி வந்திருந்தான். தனக்கு ஒற்றைச் சுருள் எடுத்திருந்தான்.

"அது இரையுமெல்லோ. ஏன் அதை எடுத்தனீ?"

"கடையில ஒவ்வொரு பிக்கப்பும் பூட்டின கிட்டார் இருந்திச்சு மச்சான். ஒண்ணொண்ணா வாசிச்சுப் பாத்தேன். டீயும் குடுத்தாங்க. இதுதான் நல்லாப் பேசிச்சு."

வயர் ஒட்டும் சோல்டர் அயன் என்னிடம்தான் இருந்தது. இரண்டு கிற்றாருக்கும் நானே பிக்கப்பைப் பூட்டினேன். அவனுடையதில் ஒரு வயரைப் பிழையாக ஒட்டினால் என்ன என்றுகூட மனதில் ஓடியது. செய்யவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை; எனக்கு அரைகுறையாக வேலை செய்ய வராது.

பேராதனைப் பக்கம் ஒரு கலியாணத்தில்தான் முதன்முதலாக வாசித்தோம். என் கிற்றார் இரையவேயில்லை. ஆனால் நான் வாசித்ததெல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் கேட்டது. ட்ரம்ஸ் தொடங்கியதும் அதுவும் கேட்கவில்லை. அவனுடையது இரைந்தது. பிள்ளைகளும் சாப்பாட்டுத் தட்டுகளும் போட்ட சத்தத்தில் அந்த இரைச்சல் யாருக்குக் கேட்கும்? அவன் கம்பியைத் தொட்டால் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் அறைக்கு ஏற்ற பிக்கப்பை வரவழைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

எங்கள் பாண்டின் தலைவர் ட்ரம்ஸ் வாசித்த சிங்களவர். இடைவேளையில் அவர் என் தோளில் கைவைத்து, மிச்சப் பாட்டுகளுக்கு லீட்டை அவனிடம் கொடுக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் இடங்களில் அவன் தட்டுத்தடுமாறினான். கலியாண வீட்டாருக்கு அது தெரியவா போகிறது? கைதட்டினார்கள். அன்றிலிருந்து நான் ரிதம்.

சாமான்களை வான் வண்டியில் ஏற்றும்போது அவன் என் பக்கத்தில் வந்தான். சந்தோஷத்தை மறைக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மனசுல வெச்சிக்காத மச்சான். ஒனக்கு அந்த பிக்கப் சரிவரல்ல, அவ்வளவுதான். அடுத்த கிழமை வாப்பாவோட வேலையா நான் திரும்பக் கொழும்புக்குப் போறேன். நீயும் வா. நீயே வாசிச்சுப் பாத்து எடு. ஒரு நாள் வேலதானே."

அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அவனுக்கு அது ஒரு நாள் வேலைதான்.

"ஓம், வாறன்" என்றேன்.

அவன் அதை அப்படியே நம்பினான். காலை ரயிலில் ஜன்னல் பக்கத்து சீட் எனக்குத்தான் என்றான். நல்ல பிக்கப்பைவிட, பறிபோன லீட்டைவிட, அவனால் அப்படி நம்ப முடிந்ததற்குத்தான் எனக்கு ஆகக் கூட வயிறெரிந்தது.